ஒலிவரைவியும் பாட்டுப்பெட்டியும்

செங்கோட்டையில் எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. பெரியப்பா அதைக் 'கிராமபோன்' என்பார். மலைக்கு அப்பால் புனலூரில் வாழ்க்கைப்பட்ட அத்தை 'பாட்டுப்பெட்டி' என்பார். மலையாளத்தில் அதற்கு அதுதான் பெயர். பள்ளிப் புத்தகத்தில் எடிசன் கண்டுபிடித்ததாகப் படித்தது 'போனோகிராப்'. மூன்றும் ஒரே பொருளின் பெயர்கள் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். முதல் இரண்டும்தான் ஒன்று. மூன்றாவது வேறு கருவி, வேறு சொல்.

போனோகிராப் இரண்டு கிரேக்கச் சொற்களின் கூட்டு. 'போனே' என்றால் ஒலி, குரல். 'கிராஃபைன்' என்றால் எழுதுதல். அதன் பழைய பொருள் கீறுதல். 1877இல் எடிசன் செய்த கருவி அந்தப் பெயருக்கு முற்றிலும் பொருந்தியது. உருளையின் மேல் வெள்ளீயத் தாளைச் சுற்றி, கைப்பிடியால் சுழற்றிக்கொண்டே குழாய்க்குள் பேச வேண்டும். குரல் பட்டு மெல்லிய தகடு அதிரும். தகட்டில் பொருத்திய ஊசி தாளில் அந்த அதிர்வை அழுத்திப் பதிக்கும். ஊசியைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து மீண்டும் சுழற்றினால், பேசியவர் குரல் திரும்பி வரும். சில முறை கேட்டதும் தாள் நைந்துவிடும். பிறகு தாளின் இடத்துக்கு மெழுகு உருளை வந்தது. மெழுகை மெல்லச் சீவிவிட்டு அதிலேயே புதிதாகப் பதியலாம்.

கீறுவதை எழுதுவது என்று சொல்லத் தமிழனுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எழுத்தாணியால் ஓலையைக் கீறித்தான் நூற்றாண்டுகளாக எழுதினோம். மசி தடவுவது, கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிவதற்காகப் பின்னால் செய்யும் வேலை. 'எழுது' என்ற வினையும் ஏட்டோடு நிற்பதில்லை. ஓவியம் எழுதினார்கள், கண்ணுக்கு மை எழுதினார்கள். 'எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்' என்று தொடங்கும் 1285ஆம் குறளில் வரும் கோல், மை எழுதும் கோல். அத்தை ஊருக்கு வரும்போதெல்லாம் பெண் குழந்தைகளைப் பிடித்து உட்காரவைத்து, 'வா, கண்ணெழுதிவிடுகிறேன்' என்பார். இந்தப் பக்கத்து நாங்கள் மை தீட்டுகிறோம், மை இடுகிறோம். அந்தப் பக்கம் இன்னும் கண் எழுதுகிறார்கள். பழந்தமிழ்ச் சொல் மலை தாண்டிப் பத்திரமாக இருக்கிறது.

இலக்கணமும் நமக்குத் துணை நிற்கிறது. 'மொழிமுதற் காரணமாம் அணுத்திரள் ஒலி எழுத்து' என்கிறது நன்னூல். ஒலியையே எழுத்து என்று அழைத்த மொழியில், ஒலியை எழுதும் கருவிக்குப் பெயர் கிடைக்காமல் போகுமா? வரைதல் என்றாலும் எழுதுதலே. ஆகவே போனோகிராபை நான் 'ஒலிவரைவி' என்று எழுதுகிறேன். 'ஒலிப்பதிவுக் கருவி' என்பதிலும் பிழையில்லை. ஆனால் காந்த நாடாவில் பதிவதற்கும் கைப்பேசியில் பதிவதற்கும் அதே சொல் போதும். ஊசி கீறுகிற காட்சி அதில் தெரிவதில்லை.

கிராமபோனுக்கு வருவோம். 1887இல் எமில் பெர்லினர் உருளையை விட்டு வட்டத் தட்டுக்கு மாறினார். எடிசனின் ஊசி மேலும் கீழுமாக ஆழம் மாற்றிக் கீறியது; பெர்லினரின் ஊசி பக்கவாட்டில் நெளிந்தது. பெயரையும் அவர் முன்பின்னாகத் திருப்பி வைத்துக்கொண்டார். தட்டுகளை அச்சில் அழுத்தி ஆயிரக்கணக்கில் எடுக்க முடிந்ததால் அது பரவியது. 1902இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் பாடிப் பதிந்தது தட்டுக்குத்தான். இதற்குத் தமிழில் 'இசைத்தட்டு' என்ற நல்ல சொல் அமைந்து, நிலைத்தும்விட்டது. பேச்சில் 'பிளேட்டு'. சொன்ன சொல்லை மாற்றிப் பேசுகிறவனைப் 'பிளேட்டைத் திருப்பிப் போடுகிறான்' என்கிறோமே, அது இந்தப் பிளேட்டுதான். தொடக்ககாலத் தட்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே பாட்டு இருந்தது. இரு பக்கமும் பாட்டு வந்த பிறகே இந்த வழக்குப் பிறந்திருக்க முடியும்.

அந்தப் பெட்டியில் பாட்டுக் கேட்பது ஒரு வேலை. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்காருவார். சாவி கொடுப்பார், சுருள்வில் இறுகும்போது கைப்பிடி கனப்பது அவர் தோளில் தெரியும். உறையிலிருந்து தட்டை விளிம்பில் மட்டும் பிடித்து எடுப்பார். சிறு தகர டப்பாவிலிருந்து புது முள் ஒன்றை எடுத்துத் திருகிப் பொருத்துவார். ஒவ்வொரு பக்கத்துக்கும் புது முள். அரக்கோடு கல்தூள் கலந்து செய்த தட்டு, 3 நிமிடத்தில் எஃகு முள்ளின் நுனியைத் தேய்த்துவிடும். தேய்ந்த முள்ளை மறுபடி வைத்தால் அது தட்டைத் தின்னும். 'ஒரு முள்ளுக்குக் கணக்குப் பார்த்தால் ஒரு பாட்டுப் போய்விடும்' என்பார்.

அவர் அதிகம் கேட்டது நாடகப் பாடகர் கிட்டப்பாவை. எங்கள் ஊர்ப் பிள்ளை; 1906இல் பிறந்து 1933இல், 27 வயதில் மறைந்தவர். அவர் வாழ்நாள் முழுவதும் செங்கோட்டை திருவிதாங்கூரில்தான் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956இல். உச்சத்தில் அவர் குரல் நிற்கும் இடத்தில் பெரியப்பாவின் கை தானாக உயரும். சரியாக அந்த நேரத்தில் சில நாள் வில் தளர்ந்து சுருதி இறங்கும். அவர் எழுந்து ஓடிச் சாவி கொடுப்பார்; குரல் வழுக்கிக்கொண்டு மேலே ஏறும்.

ஆகவே கிராமபோனுக்கு என் தேர்வு அத்தையின் சொல். பாட்டுப்பெட்டி. புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டியதே இல்லை. பெட்டி என்றால் ஆர்மோனியம் அல்லவா என்று நாடகம் அறிந்தவர்கள் கேட்கலாம். 'பாட்டு' என்ற முன்சொல் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது.

பாட்டுப்பெட்டியை ஒலிவரைவி என்று எழுதிவிடக் கூடாது. அது படிக்கும், எழுதாது. எடிசனின் கருவி இரண்டையும் செய்தது. அதற்கு என்னென்ன பயன் உண்டு என்று 1878இல் அவர் எழுதிய பட்டியலில் முதலில் நிற்பது கடிதம் சொல்லி எழுதுவித்தல், இசை 4ஆவது. அதற்கு அடுத்ததாக, குடும்பத்தாரின் குரல்களையும் சாகும் தறுவாயில் இருப்பவரின் கடைசிச் சொற்களையும் காத்துவைப்பதைச் சொல்கிறார்.

எங்கள் ஆச்சி, விளக்கேற்றிய பிறகு தூணில் சாய்ந்து பாடுவார். ஊரில் யாருக்கும் தெரியாத பாட்டுகள். அவர் உட்காரும் இடத்துக்கு எதிரே, நான்கடி தூரத்தில் அந்தப் பெட்டி இருந்தது. அதில் கிட்டப்பாவின் குரல் இருந்தது. ஆச்சியின் குரல் இல்லை.