“சரி, நன்றி” என்று முடிந்துபோகும் உரையாடல்கள்

சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றுகிறேன். எங்கள் இணையத்தளத்தின் ஓரத்தில் உள்ள உரையாடல் பெட்டிக்குப் பகலில் எங்களில் ஒருவர் பதில் எழுதுவார். பணிநேரம் முடிந்த பிறகு தானியங்கி உரையாடல் கருவி ஒன்று அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். முந்தைய இரவின் பதிவுகளைக் காலையில் படிப்பது என் வேலைகளுள் ஒன்று. சில மாதங்களுக்கு முன் அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோது, இரவு 11.15 மணிக்கு நடந்த ஓர் உரையாடல் கண்ணில் பட்டது. சங்க இலக்கியம் பற்றிய நூல்கள் உள்ளனவா என்று ஒரு மாணவி ஆங்கிலத்தில் கேட்டிருந்தார். கருவி அவர் தட்டிய எழுத்துகளை அப்படியே நூற்பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டு, பொருந்தும் நூல் எதுவும் இல்லை என்றது. “சரி, நன்றி” என்று எழுதிவிட்டு அவர் போய்விட்டார். எல்லாம் 50 வினாடிகளுக்குள். அறிக்கையில் அந்த உரையாடல் ‘தீர்வு காணப்பட்டவை’ என்ற கணக்கில் சேர்ந்திருந்தது.

எங்களிடம் சங்க இலக்கிய நூல்கள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. அவை அகப்படாததற்குக் காரணம் எழுத்துப்பெயர்ப்பு. தமிழ்த் தலைப்புகளை ரோமன் எழுத்தில் பதியும்போது, அமெரிக்க நூலகச் சங்கமும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் வகுத்த முறையைப் பல நாட்டு நூலகங்கள் பின்பற்றுகின்றன. அந்த முறை ஒலிப்பைப் பார்ப்பதில்லை, எழுத்தை மட்டுமே பார்க்கிறது. சகரம் எங்கே வந்தாலும் ஆங்கில ‘சி’. ககரம் எப்போதும் ‘கே’, ‘ஜி’ ஆகாது. ழகரத்துக்கு நாம் பெயர்களில் எழுதும் ‘இசட் எச்’ கிடையாது, அடிக்கோடிட்ட ‘எல்’தான். ஆகவே ‘எஸ்’ போட்டுத் தொடங்கி நடுவில் ‘ஜி’ வைத்து அந்த மாணவி தட்டிய ‘சங்க’ என்ற சொல், பட்டியலில் உள்ள சொல்லோடு பொருந்தவே இல்லை. சிலப்பதிகாரத்தை ‘எஸ்’ போட்டுத் தேடுபவருக்கும் இதே நிலைதான். தமிழ் எழுத்திலேயே தேடலாமே என்றால், பழைய பதிவுகள் பலவற்றில் தமிழ் எழுத்து இல்லை. தமிழ் படித்த நூலகருக்கு இது முதல் பார்வையிலேயே புரிந்துவிடும். கருவிக்கு யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும். எங்கள் கருவிக்கு அதுவரை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

நான் அந்த மாணவிக்கு மின்னஞ்சல் எழுதி, மன்னிப்புக் கேட்டு, எதற்காகத் தேடுகிறீர்கள் என்று விசாரித்தேன். உண்மையான கேள்வி அப்போதுதான் வெளியே வந்தது. அவர் தமிழ் படிக்கும் மாணவி அல்லர். வீட்டில் தமிழ் பேசுபவர், பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பவர். தென்கிழக்காசியக் கடல் வணிகம் பற்றிய கட்டுரைக்கு, காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்திறங்கிய பொருள்களைப் பட்டினப்பாலை விவரிக்கும் பகுதியின் ஆங்கில மொழிபெயர்ப்பு அவருக்கு வேண்டியிருந்தது. கருவி சரியாகத் தேடி ஓர் அலமாரி நூல்களைக் காட்டியிருந்தாலும், அவருக்குத் தேவைப்பட்ட அந்தச் சில பக்கங்களை அவர் கண்டுபிடித்திருப்பாரா என்பது ஐயமே. கட்டுரையை ஒப்படைக்க இரண்டு நாள்தான் மீதியிருந்தது.

நேரில் ஒருவர் முகப்புக்கு வந்து கேட்கும்போது, பதிலைக் கேட்டதும் அவர் முகம் வாடுவது தெரியும், தயங்கி நிற்பது தெரியும், “வேற ஏதாவது வேணுமா?” என்று நாமே கேட்டுவிடுவோம். உரையாடல் பெட்டியில் அந்தத் தயக்கம் கண்ணுக்குத் தெரியாது. வாசகர் முதலில் கேட்பது பெரும்பாலும் அவருடைய தேவையின் வெளிவிளிம்பு மட்டுமே என்பதை நூலகத் துறை வெகுகாலமாக அறிந்திருக்கிறது. அந்தத் தேவையைப் பேசிப் பேசித் தெரிந்துகொள்வதற்கென்றே ஆய்வுத்துணை நேர்காணல் என்ற பயிற்சி எங்களுக்கு உண்டு. திரைக்கு முன் உட்கார்ந்ததும் அந்தப் பயிற்சியை மறந்துவிடுகிறோம். மூன்று பேர் வரிசையில் காத்திருப்பதாகத் திரை சொல்லும்போது எதிர்க்கேள்வி கேட்பது நேரத்தை வீணாக்குவதுபோலத் தோன்றுகிறது. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. 50 வினாடியில் பெட்டியை மூடும்போது நாம் மிச்சப்படுத்துவது நம்முடைய நேரத்தை. வாசகரோ அதே கேள்வியோடு இரவெல்லாம் விழித்திருக்கிறார்.

இப்போது பணியில் சேரும் இளையவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: பதில் தெரிந்திருந்தாலும், அனுப்புவதற்கு முன் “எந்தப் பாடத்துக்கு, எப்போதைக்குள் தேவைப்படுகிறது?” என்று ஒரு வரி கேளுங்கள். தேடுவதற்கு நேரமாகும் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். மூன்று நிமிடம் மௌனமாக இருக்கும் பெட்டி, மறுமுனையில் இருப்பவருக்குக் கைவிடப்பட்டதாகத்தான் தெரியும். மென்பொருள்கள் வந்து போகும். நூலகத் தளங்கள் பலவும் தம் பக்கத்தில் பொருத்தியிருந்த மீபோ என்ற உரையாடல் கருவி 2012இல் மறைந்தது, யாஹூ மெசஞ்சர் 2018இல். அந்த ஒரு வரி எந்தக் கருவியிலும் தட்டக்கூடியது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு இன்னொரு வகைக் கேள்வி வரத் தொடங்கியிருக்கிறது. ஒரு மாணவர் எட்டு ஆய்வுக்கட்டுரைகளின் பட்டியலை அனுப்பி, முழு வடிவம் வேண்டும் என்றார். இதழ்களின் பெயர்கள் உண்மையானவை. ஆசிரியர்களும் அந்தத் துறையில் அறியப்பட்டவர்கள். தலைப்புகளில் ஐயப்பட எதுவுமில்லை. அந்தந்த இதழின் பொருளடக்கத்தைத் திறந்து பார்த்தால், குறிப்பிட்ட பக்கத்தில் வேறொரு கட்டுரை இருந்தது. இணையத்தில் கட்டுரையை அடையாளம் காட்டும் டிஓஐ எண்ணைத் தட்டினால் சில எங்கும் போகவில்லை. ஒன்று முற்றிலும் தொடர்பில்லாத கட்டுரையில் போய் நின்றது. எட்டில் ஆறு இல்லாதவை. இத்தகைய கருவி அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து எழுதுவதால், மேற்கோள் போலவே தோன்றும் ஒன்றை அதனால் தடையின்றி எழுதிவிட முடியும். அந்த மாணவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. பட்டியலை நம்பினார், தெரிந்ததும் வெட்கப்பட்டார். “இவை இல்லை” என்று ஒரே வரியில் முடித்திருந்தால் அவர் மறுபடி அதே கருவியிடம்தான் போயிருப்பார். தரவுத்தளத்தில் எப்படித் தேடுவது என்று 20 நிமிடம் சேர்ந்து பார்த்தோம். உண்மையான கட்டுரைகள் ஐந்து கிடைத்தன.

மாணவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அவசரத்தில் சிலர் கடவுச்சொல்லையும் அடையாள அட்டை எண்ணையும் பெட்டியில் தட்டிவிடுகிறார்கள். நூலகர் எவரும் கடவுச்சொல்லைக் கேட்கமாட்டார். கேட்டால் அது மோசடி. அடையாள அட்டை எண்ணைப் பொறுத்தவரை, சட்டம் கோரும் நிலையிலோ ஆளை மிக உறுதியாக அடையாளம் காண வேண்டிய நிலையிலோ அன்றி நிறுவனங்கள் அதைத் திரட்டக்கூடாது என்ற தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டி 1 செப்டம்பர் 2019 முதல் நடப்பில் உள்ளது. நூல் தேட அது தேவையே இல்லை. அப்படி வந்துவிட்ட எண்களைக் கண்டதும் பதிவிலிருந்து நீக்குகிறோம்.

மின்னஞ்சலுக்கான கட்டத்தை மட்டும் வெறுமையாக விடாதீர்கள். அந்த மாணவி அதை நிரப்பியிருந்ததால்தான் காலையில் என்னால் எழுத முடிந்தது. ஒரு நிமிடத்துக்குள் முடிந்த உரையாடல்களை இப்போது தனியாகப் பிரித்துப் படிக்கிறோம். தேடலில் எதுவும் கிடைக்காதபோது, கேள்வியை நூலகருக்கு விட்டுச்செல்லும்படி கருவி கேட்கிறது. ஆனால் அந்த மாணவி கேட்ட அதே இரவில், நள்ளிரவுக்குச் சற்றுமுன், இன்னொருவர் சிங்கப்பூர் நாளிதழான தமிழ் முரசின் 1950களின் இதழ்கள் இருக்கின்றனவா என்று கேட்டிருந்தார். எங்கள் பட்டியலில் இல்லை என்று கருவி சொன்னது. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி மின்தொகுப்பில் தமிழ் முரசு உண்டு என்பதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. பெயரும் இல்லை, மின்னஞ்சலும் இல்லை. “சரி, நன்றி” என்று மட்டும் இருந்தது.