கக்கிய குட்டிக்குப் பசி இல்லை

ஆள் மாறுகிறார், வளர்க்க வாங்கிய பாம்புக் குட்டி மாறுகிறது, கதை மட்டும் மாறுவதே இல்லை. வியாழன் இரவு இரை கொடுத்திருப்பார்கள். வெள்ளி மாலை நண்பர்களுக்குக் காட்டக் கையில் எடுத்திருப்பார்கள். பத்து நிமிடத்தில் பாதி கரைந்த எலிக்குட்டி தரையில் கிடக்கும். "ஐயோ, வயிறு காலியாகிவிட்டதே" என்று பதறி அன்றிரவே இன்னொன்று கொடுப்பார்கள். அதுவும் ஞாயிறன்று வெளியே வரும். திங்களன்று மூன்றாவது. புதன்கிழமை பரிசோதனை மேசைக்கு வரும்போது குட்டியின் தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்கிறது. முதுகெலும்பு ஓட்டுக்கூரையின் முகடுபோல எழும்பியிருக்கிறது. வாங்கிய அன்று 62 கிராம், இன்று 41.

முதல் முறை கக்கியதால் வந்த சேதம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் அடுத்தடுத்து ஊட்டியதால் வந்தது. எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கக்கிய பாம்புக்குப் பசி இல்லை. நாய் வாந்தி எடுத்த அரை மணி நேரத்தில் தட்டை நக்கும். அதைப் பார்த்துப் பழகிய கண் பாம்பையும் அதே கணக்கில் போட்டுவிடுகிறது. பாம்பின் வயிறு எந்நேரமும் அடுப்பு எரியும் சமையலறை அல்ல, இரை வந்தால் மட்டும் திறக்கும் ஆலை. பர்மிய மலைப்பாம்பில் இதை நுணுக்கமாக அளந்திருக்கிறார்கள்: வெறும் வயிற்றில் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் கடுமையாகும் அளவு) கிட்டத்தட்ட 7, அதாவது வெறும் தண்ணீர் மாதிரி. இரை இறங்கிய ஒன்றிரண்டு நாளில் அது 2 வரை இறங்குகிறது. கூடவே குடல் தடிக்கிறது, கல்லீரலும் இதயமும்கூடப் பெரிதாகின்றன. இவ்வளவு செலவும் இரையின் சத்து உள்ளே வந்து ஈடுகட்டும் என்ற நம்பிக்கையில் உடல் வாங்கும் கடன். கக்கும்போது இரை மட்டுமா வெளியேறுகிறது? அமிலமும் செரிமான நீரும் உப்பும் உடலின் தண்ணீரும் சேர்ந்து போகின்றன. போகிற வழியில் உணவுக்குழாயின் உள்தோலையும் அமிலம் சுட்டுவிட்டுப் போகிறது. கடன் நிற்கிறது, வரவு இல்லை.

அந்த நிலையில் இரண்டாவது இரையை அனுப்பினால் அதைக் கரைக்க அமிலம் போதாது. சூடான வயிற்றுக்குள் அது செரிப்பதற்கு முன்பே அழுகத் தொடங்குகிறது. உடல் அதைத் தள்ளிவிடத்தான் செய்யும். மூன்றாவதும் அப்படித்தான்.

"ஆனால் டாக்டர், ஆசையாகப் பாய்ந்து பிடித்ததே!" பிடிக்கும். சூடும் எலி வாசமும் மூக்கின் முன் ஆடினால் குட்டி பாயும். மலைப்பாம்பு இனங்களில் உதட்டோரக் குழிகள் அந்தச் சூட்டை உணர்வதற்கென்றே இருக்கின்றன. பாய்ச்சல் அனிச்சைச் செயல். வயிறு தயார் என்பதற்கு அது சான்றிதழ் ஆகாது.

கக்கிய பிறகு செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. மனிதர்களுக்கு அதுதான் கஷ்டமாக இருக்கிறது. பத்து கிராமுக்குக் குறைவான கார்ன் ஸ்னேக் (விஷமில்லாத வளர்ப்புப் பாம்பு இனம்) குட்டி என்றால் 10 நாள், பால் பைதான் (சின்ன மலைப்பாம்பு இனம்) குட்டி என்றால் 14 நாள், இரை கிடையாது. சுத்தமான தண்ணீர் மட்டும். தண்ணீர் மாற்றுவதற்குத் தவிரக் கையைக் கூண்டுக்குள் விடாதீர்கள். நல்ல உடம்போடு இருந்த குட்டி இந்தப் பட்டினியைத் தாங்கும். நாள் எண்ணி முடித்ததும் வழக்கத்தில் பாதி அளவுள்ள இரை ஒன்று, உடல் எடையில் 5 சதவீதம் இருந்தால் போதும். அது தங்கினால் 7 முதல் 10 நாள் இடைவெளி விட்டு, அதே சின்ன அளவில் இன்னொன்று. அதற்கப்புறம்தான் பழைய அளவை நோக்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். நடுவில் மறுபடி கக்கினால் வீட்டு வைத்தியம் முடிந்தது, அழைத்து வாருங்கள். மலத்தையும் கக்கியதையும் பார்க்க வேண்டும். இரை கொடுத்த சில நாள் கழித்துத் திரும்பத் திரும்பக் கக்கி, உடம்பின் நடுவில் ஒரு புடைப்பும் தெரிந்தால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியைத்தான் முதலில் சந்தேகிப்போம். அதை உறுதியாகத் தீர்க்கும் மருந்து இல்லை. வீட்டில் தெளிக்கும் குளோரினுக்கும் அது அசையாது. வேறு பாம்புகள் இருந்தால் இடுக்கி, தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றையும் அன்றே பிரித்துவிடுங்கள்.

(பால் பைதான் என்றதும் ஒரு வார்த்தை. அந்தப் பால் ஆங்கிலப் பந்து. பயந்தால் பந்துபோல் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்வதால் வந்த பெயர். கிண்ணத்தில் குடிக்கும் பாலை ஊற்றி வைத்துவிட்டு வந்து நிற்காதீர்கள். பாம்புக்கு அது உணவே அல்ல.)

இனி, முதலில் ஏன் கக்கியது?

பெரும்பாலும் கைதான் காரணம். விழுங்கிய இரையைச் சுமக்கும் குட்டிக்கு வேகமாக ஓட முடியாது, எதிரி வந்தால் பாரத்தை இறக்கிவிட்டு ஓடும். உங்கள் கை அதற்கு எதிரிதான். இரைக்குப் பின் 48 மணி நேரம் கையில் எடுக்காதீர்கள் என்று பலரும் சொல்வார்கள்; குட்டிகளுக்கு நான் மூன்று நாள் என்றே சொல்கிறேன். "தனிப் பெட்டியில் வைத்து ஊட்டினால்தான் கூண்டில் கை விடும்போது கடிக்காது" என்ற பழைய உபதேசத்தையும் இதோடு விட்டுவிடுங்கள். சாப்பிட்ட கையோடு குட்டியைத் தூக்கி இடம் மாற்றச் சொல்லும் உபதேசம் அது. கடிக்குக் காரணம் கூண்டு அல்ல, எலி வாசம் போகாத கை.

அடுத்தது குளிர். பாம்பின் செரிமானச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். பால் பைதானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25, 26. கார்ன் ஸ்னேக்குக்குச் சூடான பக்கம் 28 முதல் 30, குளிர்ந்த பக்கம் 22 முதல் 24. கண்ணாடியில் ஒட்டிய வட்ட வெப்பமானி காட்டுவது கண்ணாடியின் சூட்டை. குட்டி படுப்பது தரையில். கம்பி முனையுள்ள வெப்பமானியின் முனையைச் சூடான பக்கத்து மறைவிடத்துக்குள், தரையோடு ஒட்டி வையுங்கள். ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) இருந்தால் தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் கருவி) கட்டாயம். தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட் சுட்ட வயிற்றுத் தோல்களை இங்கே வாராவாரம் பார்க்கிறோம். பாம்பு சூடு தாங்காமல் நகர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள், வெந்துகொண்டே படுத்திருக்கும். மறைவிடமும் ஒன்று போதாது. சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, இரண்டும் உடம்பு நான்கு பக்கமும் உரசும் அளவுக்குச் சின்னதாக. இல்லையென்றால் குட்டி ஒளிவதா சூடேறுவதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அது எப்போதும் ஒளிவதையே தேர்ந்தெடுக்கும்.

மூன்றாவது அளவு. இரையின் தடிமன் குட்டியின் உடம்பில் மிகப் பெருத்த இடத்தின் தடிமனை ஒட்டி இருக்கட்டும். எடையில் 10 முதல் 15 சதவீதம். 7 கிராம் கார்ன் குட்டிக்கு அன்று பிறந்த சுண்டெலிக் குட்டி ஒன்று, ஏறக்குறைய ஒரு கிராம். 60 கிராம் பால் பைதானுக்குப் பிறந்து சில நாளான எலிக்குட்டி, 7, 8 கிராம். கண்மதிப்பு வேண்டாம், கிராம் காட்டும் தராசு வாங்குங்கள். 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை. கோழித்துண்டு, கறித்துண்டு எல்லாம் கூடாது: எலும்போடும் குடலோடும் முழு இரையாகப் போனால்தான் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும்.

உறைந்த இரையை உருக்குவதிலும் அவசரம்தான். முந்தின இரவே உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். கொடுப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு, பையோடு 40 டிகிரி வெந்நீரில் போடுங்கள். கை பொறுக்கும் சூடு அது. எடுத்து வயிற்றை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருக்க வேண்டும். நடுவில் கோலிக்குண்டுபோல ஏதாவது தட்டுப்பட்டால் அது பனிக்கட்டி, திரும்ப நீரில் போடுங்கள். மேலே சூடும் உள்ளே பனியுமாக விழுங்கினாலும் கக்கும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். ஏன் என்று ஒருமுறை செய்து பார்த்தவர்கள் அடுப்பைத் துடைத்தபோது கற்றுக்கொண்டார்கள். பிடிக்காமல் விட்டதை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

30 செ.மீ. இடுக்கியால் இரையின் இடுப்பைப் பிடித்து, தலை குட்டியின் பக்கம் இருக்கும்படி நீட்டுங்கள். மூக்கில் இடிக்காமல் ஒரு சாண் தள்ளி லேசாக அசைத்தால் போதும். பிடித்துச் சுற்றியதும் இடுக்கியை விட்டுவிட்டு விளக்கை அணைத்துப் போய்விடுங்கள். கைபேசியோடு எதிரில் உட்காராதீர்கள். உயிருள்ள எலியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போவது வேறு வகைக் குற்றம். பசித்த எலி பாம்பைத் தின்னும், முதுகெலும்பு தெரிய வரும் பாம்புகளைத் தைத்திருக்கிறோம்.

சாப்பிடவில்லையே என்று அழைப்பவர்கள்தான் அதிகம். முட்டையிலிருந்து வெளிவந்த குட்டி முதல் சட்டை உரிக்கும் வரை மஞ்சள்கருவின் மிச்சத்தில் வாழும், அதுவரை இரையை ஏறிட்டும் பார்க்காது. வாங்கி வந்த குட்டியை ஒரு வாரம் தொடவே கூடாது. அதற்கப்புறம்தான் முதல் இரை. கண் பால்நீலமாக மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, அந்த வாரமும் இரையும் வேண்டாம், கையும் வேண்டாம். மறுத்தால் அடுத்த 5 நாளுக்குக் காட்டாதீர்கள். தினமும் காட்டினால் அந்த இடுக்கியே அதற்குப் பயங்கரமாகிவிடும். பிடிவாதக் குட்டியை மூடியில் துளையிட்ட சிறு டப்பாவில், இரையோடு, இருட்டில் ஒரு இரவு விட்டுப் பாருங்கள், அதுவே பல சமயம் போதும். வாயைத் திறந்து திணிப்பதை மட்டும் தயவுசெய்து வீட்டில் செய்யாதீர்கள். குட்டியின் உணவுக்குழாய் ஈரக் காகிதம் மாதிரி, கிழிந்தால் தைக்க இடமிருக்காது. எடையில் 10 சதவீதம் குறைந்தால் வாருங்கள். அதுவரை தராசு சொல்வதைக் கேளுங்கள், பதற்றம் சொல்வதைக் கேட்காதீர்கள்.

கையில் எடுப்பது மூன்று இரை தானாக உண்டு தங்கிய பிறகுதான். இரைக்கு முந்தின நாளும் பிந்தின மூன்று நாளும் கழித்தால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மிஞ்சும், நாளுக்குப் பத்து நிமிடம். மேலிருந்து கை வந்தால் அது பருந்து. பக்கவாட்டில் வந்து, நடு உடம்பை மெல்லத் தொட்டு, இரண்டு இடத்தில் தாங்கித் தூக்குங்கள். கழுத்தை நெரித்துப் பிடிக்காதீர்கள், அது ஓடட்டும், கை மாற்றி மாற்றிக் கொடுங்கள். தரையில் உட்கார்ந்து செய்தால் விழுந்தாலும் அடிபடாது. கையைச் சுற்றிக்கொள்வது பாசம் இல்லை, விழுந்துவிடாமல் இருக்கப் பிடி. கடித்தால் இழுக்காதீர்கள்: பற்கள் பின்னோக்கி வளைந்தவை, இழுத்தால் உங்கள் தோலும் கிழியும், அதன் பல்லும் உடையும். குளிர்ந்த நீரில் கையைக் காட்டினால் விட்டுவிடும்.

சால்மொனெல்லா என்ற, மனிதருக்கு வயிற்றுப்போக்கு தரும் கிருமி ஆரோக்கியமான பாம்பின் குடலிலும் இருக்கும். சோப்புப் போட்டு 20 நொடி கழுவுங்கள், தொடும் முன்பும் பின்பும். கிண்ணத்தைச் சமையல் தொட்டியில் கழுவாதீர்கள், முத்தம் வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் கையில் கொடுக்கவே வேண்டாம்.

வருவதாக இருந்தால்: குட்டியைத் துணிப்பையில் போட்டு முடிந்து, காற்றுத் துளையுள்ள பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள். கக்கியதை இறுக்க மூடிய பையில், குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து எடுத்து வாருங்கள், உறைய வைக்காதீர்கள். இரை கொடுத்த தேதிகள், எடைகள், சூடான பக்கத்துத் தரை வெப்பம் மூன்றும் ஒரு தாளில் வேண்டும். கிளம்பும் முன் "எதற்கும் ஒன்று சாப்பிடட்டும்" என்று ஊட்டிவிட்டு வராதீர்கள்.