கொக்கு போடும் கணக்கு

"தண்ணீருக்குள் இருக்கும் மீன், இருக்கும் இடத்தில் தெரியாது என்று பள்ளியில் படித்தோம். அப்புறம் கொக்கு எப்படிப் பிழைக்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பதில் தேடி, நவம்பர் ஞாயிறு ஒன்றில் பசியாறிவிட்டு மலேசியாவில் பேராக் மாநிலத்துப் பத்து காஜா ஊர்ப் பக்கம் மோட்டார் சைக்கிளை விட்டேன்.

வடக்கே இலையுதிர்காலம் முடியும் நேரம், நமக்கு மழைக்காலம். கிந்தா பள்ளத்தாக்கில் வெள்ளீயம் தோண்டிய பள்ளங்கள் இன்று குட்டைகள். செம்பனைத் தோட்டத்து மண்பாதை முடியும் இடத்தில் சாம்பல் நாரை, செந்நாரை, அப்புறம் குளிருக்குத் தப்பி வந்த சின்னக் கொக்கு. கறுப்புக் கால், மஞ்சள் விரல். அந்த விரலால் சேற்றைக் கலக்கி மீனைக் கிளப்பும். பாட்டி சொல்லி, சிறுவயதில் கொக்கைப் பார்த்து நகத்தை நீட்டிப் பூப் போடச் சொன்னவன் நான். அந்த வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் நகத்தின் வேரில் பட்ட சிறு அடி.

நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி வளையும் ஒளிவிலகல் தெரிந்ததுதான்: நேர் மேலிருந்து பார்த்தால் 40 செ.மீ. ஆழத்து மீன் 30 செ.மீ. ஆழத்தில் தெரியும். சரிவாகப் பார்க்கப் பார்க்க இன்னும் மேலே வந்துவிடும். அப்படியானால் கொக்கு நேர் மேலேயே போய் நிற்கலாமே? அங்கேதான் சிக்கல். மீனுக்கு வெளி உலகம் முழுதும் தலைக்கு மேல் ஏறத்தாழ 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டச் சன்னலுக்குள் தெரிகிறது. கரையில் தாழ இருப்பதெல்லாம் அதன் ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும். ஆக, நேர் மேலே போனால் கொக்கு மாட்டிக்கொள்ளும். தள்ளி நின்றால் கணக்குத் தப்பும்.

கொக்கு என்ன செய்கிறது? இஸ்ரேலில் காட்ஸிர், இன்ட்ரேட்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கரைக்கொக்கு ஒன்று மீன் பிடிப்பதைப் படமெடுத்து அளந்து 1987இல் எழுதினார்கள். தலை மெதுவாக முன்னே நகர்கிறது. ஒரு புள்ளிக்கு வந்ததும் பாய்கிறது. அந்தப் புள்ளி கண்டபடி அமைவதில்லை. மீனின் உண்மை ஆழமும், கண்ணுக்குத் தெரியும் ஆழமும் ஒரே நேர்கோட்டு விகிதத்துக்கு வரும் இடம் அது, அதாவது தெரியும் ஆழத்தை வைத்தே உண்மை ஆழத்தை எளிதில் கணிக்கலாம்! கடினமான கணக்கைக் கொக்கு போடுவதில்லை. கணக்கு எளிதாகும் இடத்துக்குத் தலையைக் கொண்டுபோகிறது. எனக்கு இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. ஒரு தொட்டி, ஒரு கேமரா, நிறையப் பொறுமை, இதற்கு மானியம் கேட்டுப் போனால் நம் ஊரில் "இதனால் என்ன லாபம்?" என்பார்கள்.

மற்றதைக் கழுத்து பார்த்துக்கொள்ளும். ஆறாவது கழுத்தெலும்பு நீண்டிருப்பதால்தான் அந்த 'S' மடிப்பு. மடிந்தது விரிகிற வேகத்தில் அலகு பாய்கிறது. அலகுக்குக் கீழேயும் பார்க்கும்படி கண்கள் அமைந்திருப்பதால் இரை கடைசிவரை பார்வையிலேயே இருக்கும்.

கல்லுடைக்கும் மலையடியில் பச்சை நீர்க் குட்டை ஒன்று. சிறுவனாக இருந்தபோது இதே மாதிரி ஒரு குட்டையில் குடைக் கம்பியைத் தீட்டி ஒரு நாள் முழுக்க மீன் குத்தினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. கரையில் உட்கார்ந்து சரிவாகக் குத்தியிருக்கிறேன். தெரிந்த இடத்துக்கே குறி வைத்திருக்கிறேன். எதிர்க்கரையில் சின்னக் கொக்கு இரண்டு முறை தவறவிட்டது. மூன்றாவது முறை தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தியது.