பட்ஜெட்டில் சொன்ன தொகை மார்ச் வரை அப்படியே இருக்காது

2025-26 பட்ஜெட்டில் பள்ளிக்கல்வித் துறைக்கு 46,767 கோடி ரூபாய் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு 44,042 கோடி. இந்த எண்களைத் தடுமாறாமல் சொல்லும் தலைமையாசிரியர்கள் உண்டு. ஆனால் பயணப்படி பட்டியல் (பில்) ஏன் பாஸாகவில்லை என்று கேட்டால், "மேலே பணம் இல்லையாம் சார்" என்பார்கள். மேலே பணம் இருந்திருக்கும். அந்தச் செலவுக்கென்று ஒதுக்கிய கணக்குத் தலைப்பில் இருந்திருக்காது.

கல்வித் துறைக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், சட்டமன்றம் ஒப்புக்கொண்ட உச்சவரம்பு ஆண்டு நடுவிலேயே மாறத் தொடங்கிவிடும். அகவிலைப்படி உயரும், ஆசிரியர் நியமனம் தள்ளிப்போகும், புதுத் திட்டம் அறிவிக்கப்படும். ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் கேட்டு ஒப்புதல் வாங்கும் தொகைதான் மானியக் கோரிக்கை. ஒரே மானியக் கோரிக்கைக்குள் மிச்சமிருக்கும் தலைப்பிலிருந்து பற்றாக்குறை உள்ள தலைப்புக்கு மாற்றினால் அது மறு ஒதுக்கீடு. மொத்தமே போதாவிட்டால் அரசமைப்புச் சட்டத்தின் 205ஆவது பிரிவின்படி கூடுதல் தொகை கேட்கும் துணை மானியக் கோரிக்கையோடு சட்டமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு கோரிக்கைப் பணத்தை இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. ஊராட்சி ஒன்றியப் பள்ளிக் கட்டடத்துக்கான பணம் ஊரக வளர்ச்சித் துறையின் கோரிக்கையில் இருந்தால், பள்ளிக்கல்வியில் எவ்வளவு மிச்சம் கிடந்தாலும் அதை எடுத்துக் கட்டடம் கட்ட வழியில்லை. பட்ஜெட்டில் இல்லாத புதுச் செலவு, அதாவது புதுப்பணி என்றால் இன்னும் கறார். கையில் மிச்சம் இருந்தாலும் பெயருக்கு ஒரு சிறு அடையாளத் தொகையாவது கேட்டுச் சட்டமன்ற ஒப்புதல் வாங்க வேண்டும்.

பலர் குழம்புவது, ஆண்டு நடுவில் செலவை மறுபடி கணித்துப் போடும் திருத்த மதிப்பீட்டில்தான். அதில் தொகை கூடியிருக்கிறது என்பதற்காகச் செலவு செய்ய அதிகாரம் வந்துவிடாது. அது ஒரு கணிப்பு. அதற்கேற்ற மறு ஒதுக்கீட்டு ஆணையோ துணை மானியமோ வந்தால்தான் பட்டியல் போடலாம்.

ஆனால் அந்தக் கணிப்புக்கு அடித்தளம் பள்ளியிலிருந்து வரும் தாள்தான். இதுவரை ஆன செலவு, மார்ச் வரை ஆகப்போகும் செலவு, பாக்கி என்று கட்டங்கள் இருக்கும். கேட்ட அன்றே அனுப்பச் சொல்லி கணக்குப் பிரிவில் இருக்கும் நாங்களும் அவசரப்படுத்துவோம், அதை மறைப்பதற்கில்லை. விளைவு, போன வருடத் தாளை எடுத்துக் கொஞ்சம் கூட்டிப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஆசிரியர் ஓய்வு பெற்றுக் காலியான பணியிடத்துக்கும் மார்ச் வரை சம்பளம் காட்டியிருக்கும். பயணப்படிக் கட்டத்தில் "இல்லை" என்றிருக்கும். பட்டியலோ மேசை டிராயரில் இருக்கும். மாவட்டம் முழுக்க இப்படி வந்தால் சம்பளத் தலைப்பில் மிச்சமும் பயணப்படியில் பூஜ்யமும்தான் சென்னைக்குப் போகும். அந்த மிச்சம் உங்கள் பயணப்படிக்குத் திரும்பி வரும் என்று நினைக்காதீர்கள். சம்பள மிச்சத்தை வேறு செலவுக்குத் திருப்ப நிதித்துறை எளிதில் சம்மதிக்காது, அது சரியான கண்டிப்பும்கூட.

ஒன்றிய அரசுப் பங்குள்ள திட்டங்களில் சிக்கல் வேறு மாதிரி. பள்ளிக்கல்விக்கான ஒன்றிய-மாநிலக் கூட்டுத் திட்டமான சமக்ர சிக்‌ஷாவில் ஒன்றியம் 60, மாநிலம் 40 என்பது பங்கு. மாதிரிப் பள்ளிகளுக்கான ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாத விவகாரத்தில் 2024-25க்கான 2,152 கோடி ரூபாய் வரவில்லை. ஆனாலும் ஊழியர் சம்பளத்தை நிறுத்த முடியாது, மாநில நிதியிலிருந்து கொடுத்தார்கள். 2025 மே மாதம் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. யார் பக்கம் நியாயம் என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. பட்ஜெட் புத்தகத்தில் ஒரு தொகை அச்சாகியிருப்பதும் அது கைக்கு வருவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. பள்ளி மானியமும் இந்தத் திட்டத்தில்தான் வருகிறது. 31 முதல் 100 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு விதிப்படி 25,000 ரூபாய். முதல் தவணை வந்ததுமே முழுத் தொகைக்கும் வேலை கொடுத்துவிட வேண்டாம் என்று பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்குச் சொல்வேன்.

மார்ச் 31 முடிந்தால் அந்த ஆண்டுக்கு மறு ஒதுக்கீடு கிடையாது. செலவாகாமல் கடைசி நாளில் மொத்தமாக அரசிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்ட தொகைகளையும், தேவையே இல்லாமல் வாங்கிய துணை மானியங்களையும் தணிக்கை அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டுகின்றன. உங்கள் பள்ளியில் செலவாகாது என்று தெரிந்த தொகை இருந்தால் பிப்ரவரி முதல் வாரமே எழுதிக் கொடுங்கள். கூடுதலாகத் தேவைப்பட்டால் பட்டியல் நகலையும் பாக்கி எந்த மாதத்திலிருந்து என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். வெறும் "நிதி தேவை" என்ற கடிதத்தை வைத்து எங்களால் எந்த முன்மொழிவும் அனுப்ப முடியாது.