ஆர்ட்னன்ஸ் அதிகாரி: வெடிமருந்தா, படைக்கலமா?

படைக்கு வேண்டிய ஆயுதம் முதலான தளவாடங்களைச் சேமித்து வழங்கும், இந்திய இராணுவத்தின் ஆர்ட்னன்ஸ் (Ordnance) பிரிவில் அதிகாரியாவது எப்படி என்று வழிகாட்டும் வேலைவாய்ப்புக் கட்டுரைகள் பலவும் அப்பதவியை ‘வெடிமருந்து அதிகாரி’ என்றே எழுதி வருகின்றன. இது பிழையான பெயர்.

ஒழுங்கு, ஏற்பாடு என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது ஆர்ட்னன்ஸ். அவசரச் சட்டத்தைக் குறிக்கும் ஆர்டினன்ஸும் அதே வேரில் கிளைத்ததுதான். போருக்கான ஏற்பாடு என்ற பொருள் நாளடைவில் பீரங்கிக்கும், பிறகு படைத்தளவாடம் அனைத்துக்கும் ஆகிவந்தது.

வெடிமருந்து என்பது வெடிக்கும் பொருளை மட்டுமே குறிக்கும். தோட்டாவுக்குள் இருப்பது வெடிமருந்து, தோட்டாவே வெடிமருந்தாகிவிடாது. ஜபல்பூரிலுள்ள பொருள் மேலாண்மைக் கல்லூரியில் பயிற்சி பெறும் ஆர்ட்னன்ஸ் அதிகாரியின் பொறுப்பிலோ துப்பாக்கி, குண்டு, கூடாரம், சீருடை, வண்டிகளின் உதிரிபாகம் என்று பலவும் அடங்கும். குண்டுப் பெட்டி ஒன்றின் மேலுள்ள தொகுதி எண்ணையும் தயாரித்த ஆண்டையும் சரிபார்த்து, பயன்பாட்டுக் காலம் கடந்ததை ஒதுக்கச் செய்வதும், கேட்ட படையணிக்குக் கேட்ட பொருளைக் கணக்கோடு வழங்குவதும் அவர் பணியே. இத்தனையையும் வெடிமருந்து என்ற ஒற்றைச் சொல்லுக்குள் திணிப்பது வாசகரை, குறிப்பாக அப்பணிக்கு விண்ணப்பிக்க நினைக்கும் இளைஞரை, தவறாக வழிநடத்துவதாகும். ஆவடியில் 1961இல் தொடங்கிய ஆர்ட்னன்ஸ் ஆடைத் தொழிற்சாலை தைத்தது படைவீரர் உடைகளை. அதன் பெயரில் வெடிமருந்துக்கு ஏது இடம்?

பொருத்தமான சொல் நம்மிடம் பழங்காலம் தொட்டே இருக்கிறது. அதியமானின் தூதாகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் காட்டியது ‘படைக்கலக் கொட்டில்’ என்கிறது புறநானூற்று 95ஆம் பாடலின் குறிப்பு. அந்தக் கொட்டிலைத்தான் இன்று ஆர்ட்னன்ஸ் கிடங்கு என்கிறோம். ஆகவே படைக்கலக் கிடங்கு, படைக்கலப் பிரிவு, படைக்கல அதிகாரி என்று தடையின்றி எழுதலாம். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துக்கொண்டு, அந்தப் பதவியில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று விசாரிக்காமலே பெயர் சூட்டும் மொழிபெயர்ப்பாளர்களின் அவசரமே இந்தக் குழப்பத்துக்குக் காரணம்.

படைக்கலம் என்றாலும் ஆயுதம்தானே, சீருடையும் கூடாரமும் அதில் எப்படி அடங்கும் என்று கேட்கலாம். மட்கலம், அணிகலம், மரக்கலம் என்று பாண்டத்துக்கும் நகைக்கும் கப்பலுக்கும் இடம் தந்த ‘கலம்’, படை சுமந்து செல்லும் பொருள்களுக்கும் தாராளமாக இடம் தரும்.