உரசிணைப்பி: கிளட்ச் என்ற சொல்லும், அதை வலுவாக்குவதும்

கிளட்ச் என்பதற்குத் தமிழில் உரசிணைப்பி என்று சொல்கிறோம். உரசி இணைப்பது எதுவோ, அது. எஞ்சினின் சுழற்சியை கியர் பெட்டிக்குக் கொண்டுபோவதும், வேண்டாத நேரத்தில் அந்தத் தொடர்பை அறுத்துவிடுவதும் இதன் வேலை.

ஆங்கிலச் சொல்லின் வேர் பழைய ஆங்கிலத்தின் ‘கிளிச்சன்’. விரல்களை மடக்கி இறுக்கிப் பிடிப்பது என்று பொருள். ஆலை இயந்திரங்களில் ஒரு தண்டை இன்னொன்றோடு சேர்க்கவும் பிரிக்கவும் இருந்த கருவிக்கு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பெயர் வந்தது. மோட்டார் வண்டிக்கு வந்து சேர்ந்தது அந்த நூற்றாண்டின் கடைசியில்தான். பறவை ஒரு தடவையில் இடும் முட்டைகளையும் ஆங்கிலத்தில் கிளட்ச் என்பார்கள்; அது குஞ்சு பொரிப்பதைக் குறிக்கும் வேறு வேரிலிருந்து வந்தது, இதற்கு உறவில்லை. இத்தாலியர்கள் கிளட்சை ‘ஃப்ரிட்சியோனே’ என்கிறார்கள். உராய்வு என்று பொருள். நம் சொல்லுக்கு நெருங்கிய சொந்தம் அதுதான்.

ஆங்கிலத்தைப் பார்த்து ‘பிடி’, ‘பற்றி’ என்று வைத்திருக்கலாமே என்று தோன்றலாம். வண்டி ஓட்டுகிறவர்களின் பேச்சைக் கேட்டால் அது ஏன் சரிவராது என்று புரியும். ‘கிளட்ச் பிடி’ என்றால் கையால் லீவரை அமுக்கு என்று அர்த்தம். அமுக்கினால் உள்ளே தட்டுகள் விலகிக்கொள்ளும். ‘கிளட்சை விடு’ என்றால்தான் தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்கும். கை பிடிக்கும்போது இயந்திரம் விடுகிறது, கை விடும்போது இயந்திரம் பிடிக்கிறது. இந்தக் குழப்பத்தில் ‘பற்றி’யையும் சேர்த்தால் ‘பற்றியைப் பற்றி’ என்று எழுத வேண்டிவரும். உரசிணைப்பிக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் பிரிப்பதும் பாதி வேலை என்பதை அது சொல்லாமல் விடுகிறது. கியர் பெட்டிக்குள் பல்லோடு பல் கோத்துக்கொள்ளும் டாக் கிளட்சுக்கும் இந்தப் பெயர் பொருந்தாது, அங்கே உரசலால் இணைப்பு நடப்பதில்லை.

சரி, உரசுவது எது? பெரும்பாலான மோட்டார்சைக்கிள்களில் எண்ணெயில் நனைந்தபடி ஓடும் பல தட்டுக் கிளட்ச் இருக்கிறது. உராய்வுப் பூச்சு உள்ள தட்டுகளின் வெளி விளிம்பு, பாஸ்கெட் என்ற வெளிக்கூட்டில் மாட்டியிருக்கும். அது எஞ்சினோடு சுற்றும். இவற்றுக்கு இடையிடையே வரும் எஃகுத் தட்டுகள் உள்ளே இருக்கும் ஹப்பில் மாட்டியிருக்கும். அது கியர் பெட்டியோடு சுற்றும். ஸ்பிரிங்குகள் மொத்தத்தையும் சேர்த்து அழுத்தி வைத்திருக்கின்றன.

இந்த அடுக்கு நழுவாமல் எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்கும் என்பது நான்கின் பெருக்கல்: உராய்வுக் கெழு (பரப்புகள் எவ்வளவு உரசிப் பற்றும் என்பதைச் சொல்லும் எண்), அழுத்தும் விசை, உரசும் பரப்புகளின் எண்ணிக்கை, தட்டின் சராசரி ஆரம். பூச்சின் பரப்பளவு இந்தக் கணக்கில் நேரடியாக வருவதில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அகலமான பூச்சு தேய்மானத்துக்கும் சூட்டுக்கும் நல்லது, அவ்வளவுதான்.

வெளிச்சந்தையில் ‘பெர்ஃபார்மன்ஸ் கிளட்ச்’ என்று விற்பவை பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றைத் தொடுபவைதான். மலிவான வழி கடினமான ஸ்பிரிங். 15 சதவீதம் அதிகமாக அழுத்தினால் தாங்கும் திறனும் 15 சதவீதம் கூடும். இடது கைக்கும் அதே அளவு பாரம் கூடும், கிளட்ச் கேபிளும் சீக்கிரம் தேயும். நெரிசலில் ஓட்டுகிறவர் இதைப் போடுவதற்கு முன் இரண்டு தடவை யோசிக்கலாம். இன்னொரு வழி தட்டைக் கூட்டுவது. 7 உராய்வுத் தட்டுகளுக்கு 14 பரப்புகள், 8 ஆனால் 16. ஏறக்குறைய 14 சதவீத லாபம், லீவரின் கனம் மாறாது. ஆனால் அதே இடத்தில் அடைக்க எஃகுத் தட்டுகளை மெல்லியதாக்க வேண்டும். மெல்லிய எஃகு சூட்டைக் குறைவாகவே உள்வாங்கும், கோணிக்கொள்ளவும் வாய்ப்பு அதிகம். கெவ்லார் என்ற பெயரில் அறியப்படும் அராமிட் இழைத் தட்டுகள் சூடு தாங்கி நீண்ட நாள் உழைக்கும். எந்தத் தட்டானாலும், நனைந்து ஓடும் கிளட்ச் என்றால் மாட்டுவதற்கு முன் எண்ணெயில் ஊறவைக்க வேண்டும்.

பாஸ்கெட் மாற்றுவது வேறு கதை. வார்ப்பு அலுமினியப் பாஸ்கெட்டில் தட்டுகள் மாட்டும் விரல் போன்ற நீட்சிகளில் அவை மோதி மோதிக் குழி விழும். அப்புறம் தட்டு வழுக்கிப் போகாமல் குழியில் சிக்கும், கிளட்ச் விடும்போது வண்டி குதிக்கும். முழுக்கட்டியிலிருந்து கடைந்தெடுத்து மேற்பரப்பைக் கடினமாக்கிய பாஸ்கெட்டில் இந்தத் தொல்லை குறைவு. தாங்கும் திறன் இதனால் கூடாது.

எதை மாற்றினாலும் எஞ்சினின் குதிரைத்திறன் ஏறாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எஞ்சினை ஏற்கெனவே பலப்படுத்தியவருக்கும், ரேஸ் ஓட்டுகிறவருக்கும்தான் இது நிஜமாகத் தேவை. மேல் கியரில் ஆக்சிலரேட்டரைத் திருகும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. அப்போதும் முதலில் லீவரில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தளர்வே இல்லாவிட்டால் லீவரைக் கொஞ்சம் அமுக்கியபடியே ஓட்டுவது போல ஆகும், தட்டுகள் முழுதாக அழுந்தாது.

நழுவுவதையே வேலையாகக் கொண்ட ஒரு வகையும் உண்டு: ஸ்லிப்பர் கிளட்ச். வேகத்தில் கியரைக் குறைக்கும்போது பின்சக்கரம் எஞ்சினைத் திருப்பித் தள்ளும். அந்தத் தலைகீழ் விசையில் சரிவான மேடுகள் ஏறித் தட்டுகளின் மேலுள்ள அழுத்தத்தைத் தளர்த்தும், சக்கரம் துள்ளாது. இதை ‘வழுக்கு உரசிணைப்பி’ எனலாம். ‘நழுவு’ என்று வைத்தால் பழுதான கிளட்ச் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எண்ணெயையும் கவனிக்க வேண்டும். இங்கே எஞ்சின் எண்ணெயிலேயே கிளட்சும் மூழ்கியிருக்கிறது. உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் கலந்த கார் எண்ணெயை ஊற்றினால் விலை உயர்ந்த தட்டும் நழுவலாம். ஜப்பானிய ஜாசோ தரத்தில் எம்ஏ, எம்ஏ2 என்ற குறிகள் நனைந்த கிளட்சுக்கு ஏற்றவை. எம்பி என்பது உராய்வு குறைந்த எண்ணெய். எஞ்சின் எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு அது போதும்.