மூன்று மலை ஏறப் போகிறவர்கள் முதலில் இறங்கப் பழகுங்கள்

எங்கள் குமரி மாவட்டத்திலிருந்து நர்ஸ் வேலைக்காக பிரிட்டன் போனவர்கள் நிறையப் பேர். அங்கே ஒரே வார்டில் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து, ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்கு நிதி திரட்ட 'மூன்று சிகரம்' சவாலுக்குப் பெயர் கொடுப்பார்கள். ஊருக்கு விடுமுறையில் வரும்போது, நாகர்கோவிலில் பிசியோதெரபி பார்க்கும் என்னிடம் வந்து, "மலை ஏறப் போறோம் சார், முட்டுக்கு ஏதாவது எக்சர்சைஸ் சொல்லுங்க" என்பார்கள். இங்கேயும் இளைஞர் மன்றங்களும் சர்ச் இளைஞர் குழுக்களும் ஒரே நாளில் இரண்டு மூன்று மலை ஏறி, டயாலிசிஸ் செலவுக்கோ பிள்ளைகளின் படிப்புக்கோ பணம் சேர்க்கத் திட்டம் போடுகிறார்கள். மனசார வரவேற்கிறேன். ஆனால் வருகிற எல்லோருமே ஏறுவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். போய்விட்டு வந்து என் கிளினிக்கில் படுக்கிறவர்களோ பெரும்பாலும் இறங்கும்போது அடிபட்டவர்கள். "ஏறும்போ ஒண்ணும் தெரியல சார், இறங்கும்போதான் முட்டு வெட்டு வெட்டுன்னு வலிச்சுது" என்பதுதான் அவர்கள் எல்லோரும் சொல்வது.

முதலில் அந்தச் சவாலின் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்காட்லாந்தில் பென் நெவிஸ் 1,345 மீட்டர், இங்கிலாந்தில் ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர், வேல்ஸில் ஸ்னோடன் 1,085 மீட்டர். மூன்றையும் 24 மணி நேரத்தில் ஏறி இறங்க வேண்டும். நடை ஏறக்குறைய 37 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 3,000 மீட்டருக்குச் சற்று மேல். மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் மாடி ஏறி ஆயிரம் மாடி இறங்குவது. இடையில் மலைக்கு மலை வண்டியில் போக வேண்டிய தூரம் 700 கிலோமீட்டருக்கும் மேல்.

1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நடை தூரத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏற்றத்தில் 600 மீட்டருக்கு இன்னொரு மணி நேரம் என்று கூட்டிக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தால் இந்தச் சவாலுக்கு நடை மட்டும் பன்னிரண்டரை மணி நேரம். வண்டி ஓட்டம் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. மிச்சம் இருப்பது ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோதான். சாப்பாடு, கழிப்பறை, உடை மாற்றுவது எல்லாம் அதற்குள். தூக்கம் என்பது வண்டி சீட்டில் கிடைத்தால் உண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள். நெய்ஸ்மித் கணக்கில் இறக்கத்துக்கென்று தனி நேரமே கிடையாது. நன்றாகப் பழகிய, களைப்பில்லாத காலுக்கு அது பொருந்தும். இரண்டாவது மலையில் முட்டைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறவருக்குப் பொருந்தாது.

இறங்கும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. மூச்சு வாங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். அதனால் அதுதான் கஷ்டம் என்று தோன்றும். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. நிறை வாளியைக் கிணற்றுக்குள் மெல்ல இறக்குகிறவரின் கையில் கயிறு நழுவிக்கொண்டே எடையையும் பிடித்திருக்கிறதல்லவா, அந்த மாதிரி வேலை. மூச்சு வாங்காது, அதனால் சுலபமாகத் தெரியும். ஆனால் தசை நார்களில் நுண்ணிய சேதம் அதிகம் உண்டாவது இந்த வேலையில்தான். முட்டின் முன்னால் இருக்கும் சிரட்டை எலும்புக்குப் பின்னால் விழும் அழுத்தமும் இறக்கத்தில் கூடுகிறது. வலி அன்றைக்கே முழுதாகத் தெரியாது; ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். வலிக்கு முன்பே தசையின் பலம் குறைந்துவிடும் என்பதுதான் முக்கியம். கால் நடுங்கும், வைத்த இடத்தில் நிற்காது. கணுக்கால் பிசகுவதும் விழுந்து மணிக்கட்டு முறிவதும் அப்போதுதான்.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. இறங்கும் வேலையை ஒரு தடவை அளவாகக் கொடுத்துவிட்டால் தசை அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலை அந்த அளவுக்குச் சேதம் செய்யாது. பயிற்சியில் இதைவிடப் பெரிய லாபம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால் ஜிம்மில் டிரெட்மில்லைச் சரித்து வைத்து ஏறுகிறவர்கள் ஒரு மீட்டர்கூட இறங்குவதில்லை. லிஃப்ட் உள்ள கட்டடத்தில் பழகுகிறவர்களும் படியில் ஏறிவிட்டு லிஃப்டில் இறங்குகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள் என்றுகூடச் சிலரிடம் சொல்லியிருக்கிறேன்.

வீட்டிலேயே தொடங்கலாம். மாடிப்படியில் கீழ்ப்படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நில்லுங்கள். பக்கத்துச் சுவரில் விரல் நுனி வைத்துக்கொள்ளலாம். மற்றக் காலின் குதிகால் தரையை லேசாகத் தொடும் வரை, மனதுக்குள் மூன்று எண்ணிக்கொண்டு மெதுவாக முட்டை மடக்கி இறங்குங்கள். தொட்டதும் அந்தக் காலில் எடை போடாமல் மேலே வாருங்கள். ஒரு காலுக்கு எட்டு அல்லது பத்து தடவை, அப்படி மூன்று சுற்று, வாரத்துக்கு மூன்று நாள். முட்டு உள்பக்கம் சாயக் கூடாது. கால் பெருவிரலுக்கு அடுத்த விரலின் நேர்மேலே போக வேண்டும். எதிரே ஒரு கண்ணாடி இருந்தால் சாய்வது உடனே தெரியும். சாய்கிறது என்றால் முட்டில் மட்டும் குறையைத் தேடாதீர்கள். இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்குத்தான் பலம் போதவில்லை. பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்கி இறக்கும் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குதிகாலைத் தூக்கி மெதுவாக இறக்குவதை முட்டை நீட்டியும் மடக்கியும் செய்யுங்கள். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது கணுக்காலுக்கு நல்லது.

இதற்கெல்லாம் குறைந்தது பன்னிரண்டு வாரம் வேண்டும். மூட்டுத் தேய்மானமோ பழைய காயமோ உள்ளவர்கள் பதினாறு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். தசை சீக்கிரம் பலம் பெறும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணுக்கு நாளாகும். ஆறாவது வாரத்தில் "நல்லா இருக்கு சார்" என்று இரட்டிப்பாக்குகிறவர்கள்தான் எட்டாவது வாரத்தில் நொண்டிக்கொண்டு வருகிறார்கள்.

"சிவாலய ஓட்டம் ஓடுற எனக்கு மூணு மலை ஒரு விஷயமா?" என்று விளவங்கோடு பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். மகா சிவராத்திரிக்கு முஞ்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களுக்கு, நூறு கிலோமீட்டருக்கு மேல், 'கோபாலா கோவிந்தா' என்று சொல்லிக்கொண்டு இரவும் பகலும் ஓடுகிறவர்களின் இதயமும் நுரையீரலும் மனஉறுதியும் யாருக்கும் சளைத்தவை அல்ல. தூக்கமில்லாமல் ஓடுவதும் அவர்களுக்குப் பழக்கம். ஆனால் அந்தப் பாதையில் மேடு பள்ளம் இருந்தாலும், ஒரேயடியாக ஆயிரம் மீட்டர் இறங்கும் இடம் கிடையாது. அந்தத் தம்பிக்கும் படியிறக்கப் பயிற்சியிலிருந்துதான் தொடங்கினோம்.

அப்புறம் ஒத்திகை. நம் மாவட்டத்தில் அதற்கு வசதி இருக்கிறது. விடியுமுன்னே பொற்றையடி போய் மருந்துவாழ்மலையில் ஏறி இறங்குங்கள். படியும் பாறையும் கலந்த பாதை என்பதால் இறக்கத்துக்கு அருமையான பாடம். தெம்பு இருந்தால் வெயில் ஏறுமுன் இன்னொரு தடவை. இறங்கியதும் உடனே வண்டியில் ஏறி சிதறால் போங்கள். தக்கலை, மார்த்தாண்டம் நெரிசலில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் உட்கார வேண்டியிருக்கும். அதுதான் நமக்கு வேண்டியதும். மூன்று சிகரச் சவாலில் ஆட்களைக் கவிழ்ப்பது மலை மட்டுமில்லை, மலைக்கும் மலைக்கும் நடுவில் மடக்கிய முட்டோடு உட்கார்ந்திருக்கும் மணிக்கணக்கும்தான். வியர்வை காய்ந்து, தசை இறுகி, கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலோடு சிதறால் சமணர் மலைப் பாதையில் ஏறிப் பாருங்கள். பாதை சாய்வானது, சுலபமானது. அந்தச் சுலபமான பாதையே முதல் பத்து நிமிடம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வண்டியை விட்டு இறங்கியதும் உடனே ஏறாமல் ஐந்து நிமிடம் சமதரையில் நடப்பது, வண்டிக்குள் கணுக்காலை ஆட்டிக்கொண்டே இருப்பது, ஈர உடையை மாற்றிவிட்டு உட்காருவது போன்ற பழக்கங்கள் அன்றைக்குத்தான் கைவரும். ஏறுகிறவர் யாரும் வண்டி ஓட்டக் கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் காட்டுக்குள் போகலாம் என்று நினைப்பவர்கள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் கருகிப்போனதை மறக்க முடியாது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. பாறை நனைந்திருந்தால் அன்றைக்கு வீட்டுப் படியே போதும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் பழகிவிட்டு பென் நெவிஸ் போகிறவர்களுக்குக் குளிர் தனிப் பிரச்சினை. அங்கே உச்சியில் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே பூஜ்ஜியத்தை ஒட்டித்தான். கோடையிலும் பனி கிடக்கலாம், காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும். பருத்தி பனியன் நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். வியர்வையைத் தேக்காத செயற்கை இழை உடை, மேலே மழைக்கோட்டு, பையில் உலர்ந்த மாற்றுடை. கூட வருகிறவர் நடுங்கிக்கொண்டே பேச்சுக் குழறினாலோ தடுமாறினாலோ, களைப்பு என்று விட்டுவிடாமல் குளிர் பாதிப்பு என்றே எடுத்துக்கொண்டு கீழே கூட்டி வாருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. குடிக்காமல் ஏறி மயங்குகிறவர்கள் ஒரு பக்கம், பயந்துகொண்டு வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்து ரத்தத்தில் சோடியம் குறைந்து குழம்பிப்போகிறவர்கள் இன்னொரு பக்கம். ஒத்திகை நாளில் போகும் முன்பும் வந்த பின்பும் எடை பாருங்கள். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் குறைந்திருந்தால் குடித்தது போதவில்லை; எடை கூடியிருந்தால் அளவுக்கு மிஞ்சிக் குடித்திருக்கிறீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் மட்டமாக அளந்து போட்டால் போதும். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியும் நல்லதுதான். சாப்பாட்டுக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் அளவுக்குக் கிடைக்கும். மட்டிப்பழம் சிறிது என்பதால் இரண்டு மூன்று வேண்டும். கடலை மிட்டாய், கருப்பட்டி எல்லாம் பையில் கிடக்கட்டும். எதையும் மலையில் வைத்து முதல் தடவை சாப்பிடாதீர்கள்.

வலி மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். "முன்கூட்டியே ஒண்ணு போட்டுட்டா வலிக்காது" என்று டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு ஏறுகிறவர்களைப் பார்க்கிறேன். இந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. வியர்த்து உடம்பு வற்றிய நேரத்தில், சிதைந்த தசையிலிருந்து கசியும் புரதமும் சேர்ந்தால் சிறுநீரகம் செயலிழக்கும் அளவுக்குப் போகலாம். வலியை மறைத்துவிட்டு இறங்கினால் முட்டு நமக்குச் சொல்ல வந்ததும் காதில் விழாது. தயவுசெய்து வேண்டாம்.

நாற்பது வயது தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள், படியேறும்போது நெஞ்சு இறுக்கம் தெரிகிறவர்கள் என்னிடம் வருவதற்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் சில வகை சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் அன்றைய அளவைக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள். பகலெல்லாம் நடந்த கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். இரண்டு கையிலும் ஊன்றுகோல் வைத்துக்கொண்டு இறங்கினால் முட்டின் பாரம் குறையும். அதையும் ஒத்திகையிலேயே பழகுங்கள்.

நிதி திரட்டும் பயணத்தில் மட்டும் வரும் ஆபத்து ஒன்று இருக்கிறது. "ஆளுங்க காசு தந்துட்டாங்க, இப்ப எப்படி நிறுத்துறது" என்ற எண்ணம். நான் பார்த்த மோசமான காயங்களில் சில, பாதியில் வலி தொடங்கியும் திரும்ப வெட்கப்பட்டு நடந்தவர்களுடையவை. நல்ல மனசுக்காரர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள் என்பது எனக்கு மிகவும் வருத்தம். அதனால் பணம் கேட்கும் முதல் செய்தியிலேயே, முடித்தாலும் முடிக்காவிட்டாலும் தொகை முழுவதும் அந்தக் காரியத்துக்கே போகும் என்று எழுதிவிடுங்கள். இத்தனை மணிக்குள் உச்சியைத் தொடாவிட்டால் திரும்புவோம் என்று குழுவாக முன்பே முடிவெடுத்து, அதைச் சொல்லும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். அவர் சொன்னால் மேட்ரனாக இருந்தாலும் திரும்ப வேண்டும். பிரிட்டனில் மலையில் சிக்கியவர்களைத் தேடி வருகிற மீட்புக் குழுவினர் சம்பளமில்லாத் தன்னார்வலர்கள். 999-ஐ அழைத்து போலீஸைக் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழுவைக் கேட்க வேண்டும். சிக்னல் இல்லையென்றால் நிமிடத்துக்கு ஆறு தடவை விசில் ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதுவது ஆபத்துக் குறி. நம் ஊரில் 108, 112.

முடித்துவிட்டு வந்தபின் நாலைந்து நாள் தொடை வலிப்பதும் படியிறங்க முடியாமல் போவதும் இயல்புதான். லேசாக நடங்கள், நன்றாகத் தூங்குங்கள். சிறுநீர் பால் சேர்க்காத கட்டன்சாயா நிறத்தில் போனாலோ, வலி குறையாமல் தசை விறைத்து வீங்கினாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தாலோ, நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ வந்தாலோ பிசியோதெரபிக்கு வராதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இது எதுவும் இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து வாருங்கள், படியிறக்கத்தைப் பாதி அளவில் மறுபடி தொடங்கலாம்.